ஒன்பது பத்துக்கு நகர்ந்த புள்ளி

போன வாரம் பழைய கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. நான் ஓய்வு பெற்று ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகின்றன. பேசியவள், என் நாற்காலியில் இப்போது உட்காரும் பெண்.

"அக்கா, ஒரு கேஸ். ஆளு ஃபோன் எடுக்கல. ஆனா ஸ்கிரீன்ல அவரு ஃபோன் புள்ளி மட்டும் நகருது. டீம அது பின்னால அனுப்பவா?"

புள்ளியைச் சுற்றியுள்ள வட்டம் எவ்வளவு பெரிது என்று கேட்டேன். சொன்னாள். புள்ளி எங்காவது நின்றதா என்று கேட்டேன். பார்த்துச் சொல்வதாக வைத்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்துச் செய்தி வந்தது. ஆள் பாயான் லெப்பாஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பேசிக்கொண்டிருந்தாராம். கைப்பேசி மகனின் காரில் போய்விட்டதாம். கூடவே ஒரு கேள்வியும் இருந்தது: 'நின்னுச்சான்னு ஏன் கேட்டீங்க?'

அதற்குக் குறுஞ்செய்தியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

பினாங்கில் ஒரு மீட்புப் பிரிவின் கட்டுப்பாட்டு அறையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழின் ஜார்ஜ் டவுன் கிளையில் செய்தி எழுதினேன். 'எங்கே' என்பது இல்லாத செய்தியை அங்கிருந்த ஆசிரியர் படிக்காமலே திருப்பிப் போடுவார். 'அருகில்' என்று எழுதினால் எத்தனை அடி என்று கேட்பார். அந்தக் கிளையை மூடியபோது, மூன்று மொழி பேசத் தெரிந்த ஆள் வேண்டும் என்று மீட்புப் பிரிவில் கேட்டார்கள். போய்ச் சேர்ந்தேன். ஆரம்ப வருடங்களில் அழைப்பவர்களிடம் "கண்ணுக்கு என்ன தெரியுது?" என்று கேட்டுக் கேட்டு இடத்தைக் கண்டுபிடித்தோம். பிறகு கைப்பேசிகள் செயற்கைக்கோளைப் பார்த்து இடம் சொல்லக் கற்றுக்கொண்டன. எங்கள் வேலை சுலபமாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள்.

அப்படிச் சொல்லாதவர் எங்கள் மேலதிகாரி நவரத்தினம். சீருடைத் துறை என்பதால் மலாய் வழக்கப்படி அவரை, 'ஐயா' என்ற பொருளில், 'துவான்' என்றே அழைத்தோம். நில அளவைத் துறையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு எங்களிடம் வந்தவர். அவருடைய பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தும் வீட்டுத் தமிழை அவர் விடவில்லை. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வேலை நேரத்தில் உட்காரமாட்டார். எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றபடி பென்சில் சீவுவார். தவறு செய்தால் சீவுவது நின்றுவிடும். அந்த அமைதியில் என்ன தவறு என்று நாமாகவே தேட வேண்டும்.

அவர் போட்ட தாளில் நான்கு கட்டங்கள்: நேரம், புள்ளி, வட்டம், காரணம். திரையில் எண் மாறும்போதெல்லாம் கையால் எழுத வேண்டும். பிறகு வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, ஒவ்வொரு புள்ளியையும் பென்சிலால் குறிக்க வேண்டும். கணினியே கோடு போடுமே என்று ஒருமுறை கேட்டேன்.

"கணினி கோடு போட்டா நீர் கோட்டைத்தான் பாப்பீர்," என்றார். "முதல் நேரத்தைப் பாரும், பிள்ளை. பிறகு வட்டத்தைப் பாரும். புள்ளியைக் கடைசியாப் பாரும். தான் எங்க நிக்கிறன் எண்டு ஃபோன் நினைக்குதோ, அதுதான் புள்ளி. அது எவ்வளவு சந்தேகப்படுதோ, அதுதான் வட்டம்."

என் பயிற்சி என்று சொன்னால் ஒரே ஒரு நாள்தான். எங்கள் அலுவலகம் அப்போது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால், இரண்டு வரிசைக் கடைவீடுகளுக்கு நடுவில் இருந்தது. என் கைப்பேசியைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, மாலை வரை அதன் புள்ளியைக் குறிக்கச் சொன்னார். கைப்பேசி அசையவில்லை. புள்ளி ஓயவில்லை. தெருவைக் கடந்தது, எதிர்ச் சுவருக்குள் புகுந்தது, பள்ளிவாசல் பக்கம் போய்த் திரும்பியது. களப்பிரிவின் தலைவர் ரஃபி எட்டிப் பார்த்தார்.

"அக்கா, ஒங்க ஃபோன் நாசி கண்டார் சோறு வாங்கப் போயிருச்சு லா. எனக்கும் ஒண்ணு சொல்லி அனுப்புங்க."

மாலையில் தாளைப் பார்த்தால் குழந்தை கிறுக்கியதுபோல் இருந்தது. செயற்கைக்கோளின் சமிக்ஞை நேராக வராமல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் கைப்பேசி ஏமாந்துவிடும் என்று துவான் விளக்கினார். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் அலைச்சல்.

"இப்ப உண்மையா நடக்கிற மனுசனை இதில இருந்து எப்பிடிப் பிரிப்பீர்?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

"மனுசன் நடந்தா நிப்பான். அவனுக்கு மூச்சு வாங்கும். நிண்டு வழி பாப்பான். அலைச்சல் நிக்காது. உம்மடை தாளைப் பாரும், எங்கையாவது நிண்டதோ?"

நிற்கவில்லை. அன்று முதல் இரண்டு விதிகள் எனக்கு மனப்பாடம். வட்டத்துக்குள் நடக்கும் நகர்வு நகர்வே அல்ல. நிற்பது அலைச்சல் அல்ல. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக வரும் நாள் ஒன்று வரும் என்று நான் யோசித்ததே இல்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. ஆறுமுகம் என்பவருக்கு அறுபத்தாறு வயது. மாக் மண்டினில் ஒரு பட்டறையில் கடைசல் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் பட்டர்வொர்த்திலிருந்து படகேறி வந்து, தண்ணீர்மலைப் பக்கமிருந்து நண்பர்களோடு மலையேறுவார். பாதி வழியில் அவர்களே போட்ட ஒரு கொட்டகை இருக்கிறது. அங்கே அடுப்பு மூட்டித் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு இறங்குவார்கள். தேநீருக்குத் தண்ணீர் கொண்டுவருவது முறைவைத்து. அன்று ஆறுமுகத்தின் முறை. வழக்கமான குழாயில் தண்ணீர் வரவில்லை என்று, இரண்டு பெரிய போத்தல்களோடு காட்டுக்குள் ஓடை தேடிப் போனார். திரும்பி வரவில்லை.

காலை 11.20க்கு அவர் மகள் தேவிக்கு அழைப்பு வந்தது. "வழி மாறிட்டேன். கீழ தண்ணி சத்தம் கேக்குது. இங்க லைன் இருக்கு. பயப்படாத," என்றார். அதோடு அறுந்துவிட்டது.

தேவி பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஞாயிறு முறையில் இருந்தவள் சீருடையோடு எங்கள் அறைக்கு வந்துவிட்டாள். அப்பாவின் கைப்பேசி எங்கே இருக்கிறது என்று தன் கைப்பேசியில் தெரியும்படி அவள் முன்பே செய்துவைத்திருந்தாள்.

"ஒரு தடவ ஃபெரியில தூங்கிட்டு, எறங்காமலே ரெண்டு தடவ கடல தாண்டிட்டாரு அக்கா. அப்புறந்தான் இத போட்டேன். ஆட்டுக்கு மணி கட்டுற மாதிரி கட்டிட்டியான்னு திட்டுனாரு."

அவள் கைப்பேசியை என் மேசையில் வைத்தாள். மலைச்சரிவில் ஒரு முகட்டின் மேல் புள்ளி இருந்தது. சுற்றிலும் தொண்ணூறு மீட்டர் வட்டம். அடர்ந்த காட்டில் அது சாதாரணம். அந்த வட்டத்துக்குள் முகடும் உண்டு, அதன் கிழக்கே செங்குத்தாக இறங்கும் பள்ளமும் உண்டு, பள்ளத்தின் அடியில் ஓடையும் உண்டு. தகவல் துளித்துளியாக வந்தது. ஆனால் அழைப்பு மட்டும் போகவில்லை. பன்னிரண்டரை மணியிலிருந்து எழுதத் தொடங்கினேன்.

ரஃபியும் நான்கு பேரும் கிளம்பினார்கள். இரண்டரை மணிக்குக் கனமழை பிடித்தது. பள்ளத்தின் ஓரத்தில் மழையில் யாரையும் நிறுத்துவதில்லை என்பது விதி. பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். தேவி தன் கைப்பேசியை என்னிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். இரவு முறையில் இருந்தவர்கள் மணிக்கு ஒருமுறை மட்டும் குறித்துவைத்தார்கள். புள்ளி முகட்டின் மேலேயே இருந்தது.

திங்கட்கிழமை வானம் வெளுத்திருந்தது. துவான் அன்று விடுப்பு. காலை ஒன்பதுக்கு ரஃபியின் குழு முகட்டை அடைந்தது. தேவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. தலை மட்டும் அழகாக வாரியிருந்தது.

"அக்கா, நகருது," என்றாள்.

9.10. புள்ளி கிழக்கே கிளம்பியது. 9.12க்கு அறுபத்தைந்து மீட்டர் தள்ளி, ஓடைக்கரையில் இருந்தது. அங்கே நின்றது. எண் மாறவில்லை. நான் நேரத்தை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். 9.23க்குக் கிளம்பி, வந்த வழியே இரண்டு நிமிடத்துக்குள் முகட்டுக்குத் திரும்பியது. நின்ற நேரம் பதினொரு நிமிடம்.

"தண்ணி குடிக்கப் போனாரு," என்றாள் தேவி. "நடக்குறாரு அக்கா. ஆளுங்கள அங்க எறங்கச் சொல்லுங்க."

நான் வரைபடத்தைப் பார்த்தேன். நகர்ந்தது அறுபத்தைந்து மீட்டர், வட்டம் தொண்ணூறு. நேற்றைய மழையில் ஊறிய அந்தச் சரிவில் இனி கயிறு இல்லாமல் இறங்க முடியாது என்று ரஃபி ஏற்கனவே சொல்லியிருந்தார். அறுபத்தாறு வயதுக்காரர் அதில் இரண்டு நிமிடத்தில் இறங்கி, இரண்டு நிமிடத்துக்குள் ஏறுவாரா? அலைச்சல்தான். ஆனால் நின்றதே.

வானொலியில் ரஃபி கேட்டார். "அக்கா, முகட்டுலயே தேடவா, கீழ எறங்கவா? கயிறு கட்டி எறங்கி ஏற ரெண்டு மணி நேரம் ஆவும். இருக்கிறது அஞ்சு பேரு. நீங்க சொல்லுங்க."

"முகட்டுலயே தேடுங்க," என்றேன். துவானைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விதி தெரிந்தவளுக்கு எதற்கு என்று நினைத்தேன்.

தேவி என்னைப் பார்த்தாள்.

11.40க்குப் புள்ளி மறுபடியும் கிழக்கே போனது. அதே இடத்தில் பதினொரு நிமிடம் நின்று திரும்பியது. அதைப் பார்த்த பிறகு, முந்தின நாளிலிருந்து எதையும் தொடாத தேவி, மேசையில் ஆறிக்கிடந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். "அப்பாவே தண்ணி குடிக்கிறாரு, எனக்கென்ன," என்று லேசாகச் சிரித்தாள். 2.10க்கு மூன்றாவது முறை. அப்போது அவள் கெஞ்சினாள். நான் மறுபடியும் வட்டத்தை அளந்தேன்.

முகட்டில் ஆறு மணி நேரம் தேடினார்கள். புதர், மூங்கில், வேரிடுக்கு, ஒன்றையும் விடவில்லை. 3.20க்குத் தேவி இருபதாவது முறையோ முப்பதாவது முறையோ அப்பாவின் எண்ணை அழுத்தினாள். முதல் முறையாக மணி போனது. அவள் காதில் கேட்ட அதே நேரத்தில் வானொலியில் ரஃபியின் குரல் வந்தது.

"அக்கா, ஃபோன் அடிக்குது. மேல அடிக்குது."

"மேலன்னா எங்க?"

"தலைக்கு மேல லா. மரத்துல."

கைக்கெட்டும் உயரத்துக்குச் சற்று மேலே, ஒரு கிளையில், சாப்பாடு கட்டிக் கொடுக்கும் சிவப்புப் பிளாஸ்டிக் பைக்குள் கைப்பேசி தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து பேரும் காலையிலிருந்து தரையைப் பார்த்தே அதன் அடியில் போய்வந்திருக்கிறார்கள்.

"ஐயோ, ஆமா," என்று தேவி நெற்றியில் கைவைத்தாள். "கொட்டகையில எல்லாரும் அப்படித்தான் மாட்டுவாங்க. லைன் கிடைக்கிற கிளையில ஃபோன கட்டிட்டு, அவங்கவங்க வேலையப் பாப்பாங்க. வீட்டுலயும் சன்னல் கம்பியிலதான் தொங்கும்."

ஒன்றரை நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், உன் அப்பா கைப்பேசியை எங்கே வைப்பார் என்று நான் கேட்கவில்லை. பையில் இருக்கும், கையில் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

கிழக்கே அறுபத்தைந்து மீட்டர் இறங்குங்கள் என்று ரஃபியிடம் சொன்னேன். நாலரை மணிக்கு அவரைக் கண்டார்கள். ஓடைக்கரையில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கருங்கல் சுவர்போல் நின்றது. அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். இரண்டு போத்தல்களும் நிறைந்து, மூடி திருகி, பக்கத்தில் இருந்தன. உயிர் இல்லை. மூன்று முறையும் புள்ளி நின்ற இடம் அதுதான்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தேவி என்னிடம் வந்தாள். மருத்துவர் அவளிடம் பேசி முடித்திருந்தார். மாரடைப்பு. ஞாயிறு பொழுது சாய்வதற்கு முன்பே உயிர் போயிருக்கும் என்று சொல்லியிருந்தார்.

"டாக்டர் நேத்துங்கறாரு. நான் இன்னைக்கு மூணு தடவ பாத்தேன். நீங்களும் பாத்தீங்க," என்றாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க அக்கா. அப்பா இன்னைக்கு நடந்தாரா இல்லையா? நடந்தாருன்னா, நான் ஒன்பது மணிக்கே சொன்னேன்."

நடந்திருந்தால், உயிரோடு இருந்த மனிதரைத் தேடிப் போகாமல் ஆட்களை நிறுத்திவைத்தவள் நான். நடக்கவில்லை என்றால் புள்ளி அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஏன் போனது என்று அவள் கேட்பாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அரசாங்க அலுவலகத்தில் சொல்வதுபோல் இருந்தது.

வெளியே ரஃபி மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்திருந்தார். "அக்கா, அந்த பைய நான் அவிழ்க்கல. வெட்டித்தான் எடுத்தேன்," என்றார். "ரெட்ட முடிச்சு. ஞாயித்துக்கெழம மழையில நனைஞ்சு இறுகிப்போயிருந்துச்சு. மழைக்கு அப்புறம் அத யாரும் தொடல. சத்தியமா சொல்றேன்."

ஆக, திங்கட்கிழமை கைப்பேசி கிளையை விட்டு இறங்கவில்லை.

அன்று மாலை தாளின் நான்காவது கட்டத்தில், மூன்று இடத்திலும், 'அலைச்சல்' என்று எழுதினேன். அலைச்சல் நிற்காது என்று பல வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான்.

செவ்வாய்க்கிழமை துவான் வந்தார். மெல்லிய தாளை வரைபடத்தின் மேல் விரித்தார்.

"நிண்டதோ?"

"மூணு தடவையும், துவான். பதினோரு நிமிஷம்."

பென்சில் சீவுவது நின்றது. வெகு நேரம் தாளைப் பார்த்தார். என் தீர்மானத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தாளை எடுத்து, விரலால் வரி வரியாக இறங்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது. ஞாயிறு பிற்பகல் 2.14. கிழக்கே அறுபத்தைந்து மீட்டர், பதினொரு நிமிடம். நானே எழுதியிருந்தேன். மழை வரப்போகிறது என்று ரஃபி வானொலியில் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஞாயிறு ரெண்டு பதினாலு. திங்கள் ரெண்டு பத்து," என்றார். பிறகு, "அந்தப் பிள்ளையைக் கூப்பிடும். அதே ஃபோனைக் கொண்டுவரச் சொல்லும். நாங்க ஒருக்கா மேல போவம்."

காரியங்கள் முடிந்து தேவி வர இரண்டு வாரம் ஆனது. அந்தத் திங்கள் கழிந்து பதினைந்தாம் நாள், பொழுது விடிவதற்கு முன்பே நால்வரும் ஏறினோம். முழங்கால் வலியோடு துவான் பேசாமல் ஏறினார். முகட்டில், அதே கிளையில், ரஃபி கைப்பேசியைப் பையில் போட்டுக் கட்டினார். பிறகு கயிறு பிடித்து ஓடைக்கு இறங்கி, கருங்கல்லின் அடியில் போய் நின்றார். முகட்டிலிருந்து பார்த்தால் அவர் தெரியவில்லை. இலைகள்தான் தெரிந்தன. துவான் ஒரு துண்டுத் தாளில் ஏதோ எழுதி, நான்காக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தேவி தன் கைப்பேசியைப் பார்த்தபடி மரத்தடியில் உட்கார்ந்தாள். தலைக்கு மேல் பை தொங்கியது. காற்று இல்லை. பை அசையவில்லை.

8.11க்குப் புள்ளி கிளம்பியது.

எங்களைக் கடந்து யாரோ இறங்கிப் போவதற்கு வழிவிடுவதுபோல் தேவி காலை மடக்கிக்கொண்டாள். அவளுக்கே தெரிந்து செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. புள்ளி ஓடைக்கரைக்குப் போய் நின்றது.

"ரஃபி, அங்க யாராவது இருக்காங்களா?" என்று வானொலியில் கேட்டேன்.

"யாரும் இல்லக்கா." சற்றுக் கழித்து, "என் மேலயா நிக்குது இப்ப?"

"ஆமா."

"எத்தன நிமிஷம் லா இப்படி நிக்கணும்?"

பதினொரு நிமிடம் நின்றது. 10.41க்கு மறுபடியும் போனது. 1.11க்கு மறுபடியும். அதன் பிறகு துவான் சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்துத் தேவியிடம் நீட்டினார். 8.11, 10.41, 1.11 என்று எழுதியிருந்தது.

தரையில் உட்கார்ந்து, அவளுக்குப் புரியும்வரை விளக்கினார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். செயற்கைக்கோள்களும் நட்சத்திரங்களைப் போல நாளுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம் முந்தி, வானத்தில் அதே இடத்துக்கு வருகின்றன. அப்படி ஒவ்வொன்றாக வரும்போது அதன் சமிக்ஞை அந்தக் கருங்கல் சுவரில் பட்டுக் கிளைக்கு வருகிறது. கல் நேராகவும் வழவழப்பாகவும் இருப்பதால் புள்ளி கிறுக்காமல் ஒரே இடத்தில் நிற்கிறது. பதினைந்து நாளில் ஐம்பத்தொன்பது நிமிடம் முந்தியிருக்கிறது.

"அண்டைக்கு உம்மடை அப்பா நடக்கேல்லை, பிள்ளை. அவரை ஒருத்தரும் தவிக்க விடேல்லை. கல்தான் காட்டினது," என்றார்.

தேவி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன். என் தோளும் இறங்கியிருக்கும்.

"அப்ப நாளைக்கு எட்டு ஏழுக்கு வருமா?" என்று கேட்டாள்.

"வரும்."

"ஃபோன் இல்லன்னாலுமா?"

துவான் தலைக்கு மேல் தொங்கிய பையைப் பார்த்தார். "ஃபோன் இருந்தாத்தானே தெரியும்," என்றார்.

அதன் பிறகு எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி சேர்ந்தது: 'கைப்பேசியை வழக்கமாக எங்கே வைப்பார்?' அதனால் பிழைத்தவர்கள் உண்டு. துவான் மறு வருடம் ஓய்வு பெற்றார். தேவி எனக்குத் தங்கைபோல் ஆகிவிட்டாள். ஆண்டு முழுவதும் நான்கு நான்கு நிமிடமாக முந்திக்கொண்டே போனால், ஒரு வருடத்தில் கடிகாரத்தைச் சுற்றி அதே நேரத்துக்கு வந்துவிடும். இதை அவளே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தாள். அதனால் அவள் அப்பாவுக்குத் திதி பார்ப்பதில்லை, தேதி பார்க்கிறாள். ஒவ்வொரு வருடமும் அந்தத் திங்கட்கிழமையின் தேதியில் மலையேறி, பழைய கைப்பேசியைக் கிளையில் மாட்டி, ஒன்பது பத்துக்குக் காத்திருப்பாள். புள்ளி போகும், நிற்கும், திரும்பும். அவள் கொட்டகைக்கு இறங்கி அப்பாவின் நண்பர்களோடு தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவாள். கல்லுதான் என்று தெரியும், இருந்தாலும் பாத்துட்டு வருவேன் அக்கா என்பாள். எனக்கு அதில் தவறாக ஒன்றும் தெரியவில்லை.

சென்ற ஆண்டுக் கடைசி மழையில் அந்தச் சரிவு பெயர்ந்தது. போன மாதம் தேவி கூப்பிட்டாள்.

"இந்த வருஷம் நீங்களும் வாங்க அக்கா. கல்லு இல்ல."

போனேன். முகட்டிலிருந்தே ஓடை தெரிந்தது. நடுவில் இருந்த மரங்கள் சரிந்துபோயிருந்தன. கருங்கல் நின்ற இடத்தில் சிவப்பு மண்தான் இருந்தது. கல் மூன்றாக உடைந்து வெகு கீழே, ஓடை வளைவில், மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. தொலைநோக்கியில் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். கிளை அப்படியே இருந்தது. தேவி பையைக் கட்டினாள், ரெட்டை முடிச்சு.

நான் பழக்கத்தில் ஒரு தாளை எடுத்து நான்கு கட்டம் போட்டு வைத்துக்கொண்டேன்.

9.10க்குப் புள்ளி கிளம்பியது. 9.12க்கு ஓடைக்கரையில் நின்றது. நான் நிமிர்ந்து அந்த இடத்தையே பார்த்தேன். இப்போது மறைக்க இலைகள் இல்லை. சிவப்பு மண், அதன் மேல் வெயில், அவ்வளவுதான். 9.23 வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா," என்றாள் தேவி. குரலில் பயம் இல்லை. அன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கேட்ட அதே குரல். "இப்ப என்ன சொல்லுவீங்க?"

அங்கே லைன் இருக்கும். எங்களுக்குத்தான் தெரியுமே. என் கைப்பேசியில் துவானைக் கூப்பிட்டேன். கல் விழுந்ததையும் நான் பார்த்ததையும் நேரத்தோடு சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கல்லு விழுந்த இடத்தை நீரே பாத்தீரோ?"

"பாத்தேன், துவான்."

"நிண்டதோ?"

"பதினோரு நிமிஷம்."

"நேரத்தை எழுதி வையும்," என்றார்.

தேவி பார்த்துக்கொண்டிருக்க, எழுதினேன். நேரம் எழுதினேன், புள்ளி எழுதினேன், வட்டம் எழுதினேன். நான்காவது கட்டமான காரணத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டுத் தாளை அவளிடம் கொடுத்தேன்.